விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். போத்தனூரில் என் பம்புசெட் கம்பெனியில் இன்று பதினான்கு இன்ஜினியர்கள் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வாடகைக் கொட்டகையில் ஒற்றை லேத்தோடு தொடங்கியவன் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வது? முதன்முதலில் விற்ற மோட்டார் எந்த ஊருக்குப் போனது, எத்தனை குதிரைச்சக்தி, மூடிக்கு என்ன பெயிண்ட் அடித்தேன் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

எதை விட்டுக்கொடுத்தாலும், வேலைக்கு ஆள் எடுப்பதை மட்டும் யாரிடமும் விட்டதில்லை. வெளியூரில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்த என் மகன், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று ஒரு தாளில் அச்சடித்து என் மேசையில் வைத்தான். நான் அதன்மேல் காபி டம்ளரை வைத்தேன்.

"ஏனுங்கப்பா, இது இன்டர்வியூங்களா, பொண்ணு பாக்கறதுங்களா?" என்றான்.

"பொண்ணு பாத்துத்தான்டா உங்கம்மாளக் கட்டுனேன். என்ன கொறஞ்சு போச்சு?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. என் இன்டர்வியூ அப்படித்தான் இருக்கும். கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. வருகிறவர்களுக்கு என் மனைவி கையாலேயே காபியும் முறுக்கும் வரும். அப்புறம் எந்த ஊர், என்ன கோயில், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரிப்பேன். கல்யாணமான பெண்ணாக இருந்தால் கடைசியில் இன்னொன்றும் உண்டு: "விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?" வயிற்றில் பிள்ளை உண்டா என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்போம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்பார். சேர்ந்த நாலாம் மாதம் லீவு போட்டுவிட்டுப் போனால் வேலை நின்றுவிடுமே என்பது என் கவலை. மரியாதையாகக் கேட்டால் எதையும் கேட்கலாம் என்பது என் நம்பிக்கை. நேற்றுக் காலேஜ் முடித்த பிள்ளையைக்கூட நான் வாங்க, உட்காருங்க என்றுதான் சொல்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு டிசைன் வேலைக்கு மதுக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அன்று எனக்கு ஒரு தலைவலி இருந்தது. புது மாடல் பம்பு ஒன்று, ஓட்டினால் கிடுகிடுவென்று ஆடியது. அவளுக்கு முன்னால் இன்டர்வியூவுக்கு வந்த மூன்று பேரும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். இவள் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற அந்தச் சக்கரத்தை, கழற்றித் தரச் சொன்னாள். அதை ஒரு தண்டில் கோர்த்து, மேசையில் இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் படுக்க வைத்து, விரலால் சுண்டிவிட்டாள். அது உருண்டு நின்றது. மறுபடி சுண்டினாள். நாலு தடவையும் ஒரே பக்கம்தான் கீழே வந்து நின்றது.

"இந்தப் பக்கம் வார்ப்புல கனம் ஜாஸ்திங்க சார். டிசைன்ல தப்பில்லீங்க."

நான் மனசுக்குள் அவளுக்கு வேலை ஆர்டர் அடித்துவிட்டேன். முன்னால் பார்த்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் ஊட்டுல இருக்க வேண்டியதாப் போச்சுங்க. இப்ப அங்க உக்காந்திருக்க முடியலீங்க சார். காலைல எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் வேணுங்க."

காது இருக்கிற எவனுக்கும் அது கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. ஊர், கோயில், மாமனார் தொழில் எல்லாம் வரிசையாக விசாரித்தேன். என் மனைவி காபியோடு உள்ளே வந்த நேரத்தில்தான் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?"

அவள் இம்பெல்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சுங்க. அஞ்சாம் மாசம். போன மாசம் இல்லாமப் போயிருச்சுங்க."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"உடுங்க கண்ணு. அப்பறம் ஒரு வருசத்துக்கு அந்தத் தொந்தரவு இருக்காது. வேலையப் பாக்கலாமுங்க."

அவள் அழவில்லை. தண்டிலிருந்து இம்பெல்லரைக் கழற்றி, எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போயிட்டு வாரனுங்க சார்," என்றாள். என் மனைவியைப் பார்த்தும், "வாரனுங்கம்மா," என்றாள்.

நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டாள். தொடாத காபி மேசையில் இருந்தது. என் மனைவி அதை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஏனுங்க, எங்கிட்டயும் இதையேதானுங்க சொன்னீங்க."

"என்ன புள்ள சொன்னேன்?"

"பையன் பொறக்கறதுக்கு முந்தி, மொதல்ல ஒண்ணு தங்காமப் போச்சே. ஆஸ்பத்திரில இருந்து வர்றப்போ சொன்னீங்க. 'உடு புள்ள, மோட்டார் சீசன் முடியற வரைக்கும் தொந்தரவு இல்ல'ன்னு. வந்த மக்யாநாளே மோட்டாருக்குக் காயில் சுத்த உக்காந்தேன். நீங்கதான் கம்பி எடுத்துக் குடுத்தீங்க."

எனக்கு ஞாபகமில்லை. பிள்ளை தங்காமல் போனது ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது ஞாபகமில்லை. அந்த சீசனில் எத்தனை மோட்டார் போனது என்பது ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். அன்று கேட்டது தப்பு, சொன்னது அதைவிடத் தப்பு என்றேன். யாரிடமும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. வேலை உங்களுக்குத்தான், நாளைக்கே வாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் ஒரு மிக்சி ஓடி நின்றது.

"பரவாயில்லீங்க சார். நீங்க மரியாதையாத்தானுங்க கேட்டீங்க," என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "வேலை வேணுந்தானுங்க. ஆனா அந்த ரூமுக்குள்ள என்னால மறுக்கா வர முடியாதுங்க. வெச்சறனுங்க சார்."

அப்புறம் அவள் எங்காவது சேர்ந்தாளா, இன்னும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாளா, தெரியாது. அந்த பம்பு அவள் சொன்னபடி சரிசெய்து நன்றாக விற்கிறது. இன்டர்வியூ எல்லாம் இப்போது மகன்தான் எடுக்கிறான். நான் அந்த நேரத்தில் ஷெட்டுப் பக்கம் போய்விடுகிறேன்.

வருடத்துக்கு ஒரு நாள் என் மனைவி ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவாள். கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட்டிப்போவேன். ஆனால் காரிலேயே இருந்துகொண்டு போனில் ஆர்டர் பேசுவேன். இந்தத் தடவை நானும் இறங்கினேன். கும்பிட்டு முடித்து ஒரு ஓரமாக உட்கார்ந்தோம்.

"போன் வரலீங்களா?"

"அணைச்சுப்போட்டேன்." அவள் பக்கம் திரும்பி, "நீ இங்க வர்றது அதுக்குத்தானா?" என்று கேட்டேன்.

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"பையனா, பொம்பளப்புள்ளையான்னு தெரியுமா?"

"அதுக்குள்ளதான் போயிருச்சுங்களே. நானாப் புள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு பேருகூட வெச்சிருந்தேன்."

என்ன பேர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.