கைகள் கதைக்க ஒரு கணினி

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் சிறிய வாசிகசாலையில் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவள் நுஸ்ஹா. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவள். கொழும்பில் வேலை கிடைத்தும், வாப்பா நோயில் விழுந்ததால் போகவில்லை. இந்த வேலையை அரை மனதோடுதான் தொடங்கினாள்.

அறையிலிருந்த கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைய இணைப்பு. பின்னேரம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தால் ஆசிரியரின் குரல் இழுபடும். படம் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் யாராவது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல்லிச் சொல்லி நுஸ்ஹா அலுத்துப்போனாள். ஒருநாள் நிர்வாகத் தலைவர் அபூசாலி ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு முடிவு எடு புள்ள" என்றார்.

மூலையில் கிடந்த பழைய கணினியில் அவள் புரொக்ஸி மென்பொருளை நிறுவினாள். அதன் பிறகு எந்தக் கணினியும் நேரே இணையத்துக்குப் போக முடியாது. இந்தப் பழைய கணினி விட்டால்தான் உண்டு. எதை விடுவது, எதை மறிப்பது என்ற விதிகளையும் அவளே எழுதினாள். பாடம் நடக்கும் தளத்தைத் தவிர வீடியோ என்று வந்த அனைத்தையும் மறித்தாள். அன்று பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு யாரோ அவளுடைய கையைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் றுகையா. சிறுவயதுக் காய்ச்சலில் காது கேளாமற் போன தையல்காரி. அடிக்கடி வந்து ஜன்னலோரக் கணினியில் உட்காருவாள். பொழுதுபோக்க வீடியோ பார்க்கிறாள் என்றே நுஸ்ஹா நினைத்திருந்தாள்.

றுகையா அவளைக் கணினிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் 'அனுமதி இல்லை' என்று இருந்தது. பிறகு தன் போனில் எழுதிக் காட்டினாள்: "என்ட மாப்பிள்ள கத்தார்ல. அவருக்கும் காது கேளா. நாங்க கையாலதான் கதைக்கிற. வீட்டுல சிக்னல் இல்ல, இங்க வந்துதான் வீடியோல கதைக்கிற."

நுஸ்ஹாவுக்கு என்னவோ போலானது. அன்றைக்கே ஹாஜியாரிடம் போய்ச் சொன்னாள்.

"ஒராளுக்குத் திறந்தா எல்லாரும் கேப்பாங்களே புள்ள."

"மத்தவங்களுக்குப் போன்ல வாயால கதைக்கலாம் ஹாஜியார். இவங்க ரெண்டு பேருக்கும் வேற வழி இல்ல."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஓம், நியாயந்தான். செய்யி. மத்தவங்க கேட்டா நான் கதைக்கிறன்."

விதிகளைப் புரொக்ஸி மேலிருந்து கீழாகப் பார்க்கும். எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். ஆகவே, ஜன்னலோரக் கணினிக்கு மட்டும் வீடியோ அழைப்பை அனுமதிக்கும் ஒரு வரியை எழுதி, தடைக்கு மேலே வைத்தாள். பாடமும் கெடாமல் அழைப்பும் அறாமல் இருக்கிறதா என்று தானே இருந்து பார்த்தாள். பிறகு இன்னொன்றும் தோன்றியது. றுகையா கையால் சொல்வது முழு அறைக்கும் தெரியுமே. புருசனோடு கதைப்பதை ஊர் பார்ப்பதா? மேசையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, ஒரு துணித் திரையும் கட்டிவிட்டாள்.

அடுத்த முறை றுகையா வந்து, திரையை விலக்கிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நுஸ்ஹா அவளுடைய போனை வாங்கி எழுதினாள்: "நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இரிக்காது ராத்தா. அல்லாஹ் உங்களுக்கு நல்லதாக்கட்டும்." கோபித்துக்கொண்டு இவள் வராமலே விட்டிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கொழும்புக்குப் போகாததை நினைத்து அன்று அவளுக்கு வருத்தம் வரவில்லை.

சிறிது நேரத்தில் றுகையா திரைக்குள்ளிருந்து கைகாட்டி அழைத்தாள். கணினியில் மெலிந்த முகத்தோடு அவளுடைய புருசன் றிபாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்லிவிட்டு, சேர்த்த இரண்டு உள்ளங்கைகளையும் கதவைப் போல மெல்லத் திறந்தான்.

றுகையா எழுதிக் காட்டினாள்: "அது உங்கட பேரு. எங்கட பாசையில நாங்க வெச்ச."

நுஸ்ஹா தன் கைகளைச் சேர்த்து, திறந்து பார்த்தாள். றுகையா அவளுடைய விரல்களைப் பிடித்துச் சரிசெய்துவிட்டாள்.