காளிவீரன் கன்னத்துப் பொட்டு

எங்கள் வீட்டில் நான் ஒரே பெண். ஆனால் பிள்ளைகள் என்று கணக்கெடுத்தால் நாற்பத்திரண்டு பேர். மற்ற நாற்பத்தொன்றும் மெக்சிகோவில் செய்த பொம்மைகள். அவற்றுக்குக் கிடைத்த கவனிப்பில் கால் பங்கு எனக்குக் கிடைத்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு வந்திருக்காது.

நைனா சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம் மெக்சிகோ துறைமுகம் ஒன்றிலிருந்து ஒரு ஜோடி மண்பொம்மை வாங்கி வந்தார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, பெண். இரண்டுமே எலும்புக்கூடு. வேறு பெண்ணாக இருந்தால் அலறியிருப்பாள். அம்மா வருஷம் தவறாமல் மயானக்கொள்ளைக்குப் போய் மண்டையோட்டு மாலையைக் கும்பிட்டு வருகிறவள். இந்த எலும்புக்கூட்டுப் பொம்மைக்கு அந்த ஊரில் காலவேரா என்று பேர் என்று நைனா சொல்ல, அவள் காதில் அது காளிவீரன் என்று விழுந்தது. அன்றிலிருந்து திருவொற்றியூரில் எங்கள் சந்தில் அவை காளிவீரன்கள்தான்.

அப்புறம் அந்தப் பைத்தியம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடித்தது. நைனா ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பெட்டியில் பொம்மைகள் இருந்தன. கிடார் வாசிக்கும் எலும்புக்கூடு, பூப்போட்ட மண்டையோடு, காகிதக் கூழில் செய்த சிவப்புப் பிசாசு, உடம்பெல்லாம் புள்ளி வைத்த மரப் பல்லி. அந்தப் பக்கம் போகிற கப்பல் கிடைக்காத வருஷத்தில் வேறு கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்து வரவழைப்பார். அக்கம்பக்கத்தில் சூனியக்கார வீடு என்று பேர் வந்தது. குழம்புக் கிண்ணம் கொடுத்து வாங்குவது நின்றது. அம்மாவுக்கு அதில் பெருமை.

புதிதாக ஒன்று வந்ததும் அம்மா முதலில் செய்வது திருஷ்டிப் பொட்டு வைப்பது. கண்மை நிற்கவில்லை என்று நைனா கப்பலிலிருந்து கறுப்பு எனாமல் பெயின்ட் கொண்டு வந்தார். தீக்குச்சியை அதில் தோய்த்து, இடது கன்னத்தில் ஒரே ஒரு சொட்டு. காய்ந்ததும் மிளகு ஒட்டியது போல் புடைத்துக்கொண்டு நிற்கும். எனக்குக் கன்னத்தில் பொட்டு வைத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் கேட்டேன்.

"உன் மேல எவ கண்ணு வைக்கப் போறா?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, ஜுரம் வேறு. இருந்த ஒரே கட்டிலில் போர்வை விரித்துப் பொம்மைகளைப் படுக்க வைத்தார்கள். என்னைத் தூக்கித் தையல் மெஷின் மேல் உட்கார வைத்தார்கள். மதியம் வரை காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடுங்கியபடி அத்தனை பேரும் சுகமாகத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பையனை முன்பே பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. ஒரே ஒரு மணி நேரம் இதுகளை லாஃப்டில் ஏற்றி வைக்கலாம் என்று அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "பொம்மைய பாத்து பயப்படறவன் உன்னை இன்னா காப்பாத்துவான்?" என்றாள். நைனாவைப் பார்த்தேன். அவர் மரப் பல்லியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மா உள்ளே காலை வைத்தாள், சுவரைச் சுற்றிப் பார்த்தாள், வைத்த காலை எடுத்துக்கொண்டாள். கேசரி முழுவதையும் நாங்களே தின்றோம். அதற்குப் பிறகு எனக்கு யாரும் வரவில்லை.

அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பே சர்க்கரை நைனாவின் கண்ணை வாங்கிவிட்டது. விரல்களும் பாதி மரத்துவிட்டன. காலையில் நான் கன்டெய்னர் யார்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது அவர் அலமாரி முன்னால் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து, கட்டை விரலால் இடது கன்னத்தைத் தடவுவார். பொட்டு தட்டுப்பட்டதும் முகம் மலரும். நாற்பத்தொரு தடவை மலரும். நான் சாப்பிட்டேனா என்று ஒரு தடவை கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கால் விரல் ஒன்றை எடுக்க அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். நான் அவர் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"வூட்ல யாரும் இல்லம்மா. பொம்மைங்கதான் தனியா கீதுங்க, பாவம்" என்றார்.

மறுநாள் பகலில் சித்தப்பாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு பிளேடு, ஒரு துண்டு உப்புத்தாள். ஒவ்வொரு பொம்மையாக மடியில் வைத்துப் பொட்டைச் சுரண்டினேன். தடம் தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்தேன். நாற்பத்தொன்றும் முடிய இரண்டு மதியம் பிடித்தது. பிறகு செய்தித்தாளில் சுற்றி லாஃப்டில் ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஏற மாட்டேன் என்றவை இப்போது நிரந்தரமாக ஏறிக்கொண்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வீடு திரும்பிய அன்று காலியான அலமாரியில் அவர் கை அலைந்தது. எண்ணூர் கழிமுகத்தில் கொட்டிவிட்டேன் என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "தண்ணி உள்ள வந்துகினு இருந்துச்சா, வெளிய போய்கினு இருந்துச்சா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். "காகிதத்துல செஞ்சது கொஞ்ச நேரம் மெதக்கும்" என்றார். அவ்வளவுதான்.

காத்திவாக்கத்திலிருந்து ஓர் அக்கா தினம் காலையில் எங்கள் சந்துக்கு இறால் கொண்டு வருவாள். அவள் வீட்டுக்காரர் கழிமுகத்தில் வலை போடுகிறவர். அடுத்த நாளிலிருந்து அவள் குரல் கேட்டால் நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

"வலைல எதுனா மாட்டுச்சாம்மா?"

"இன்னிக்கும் இல்ல நைனா."

இது இரண்டு வருஷம் நடந்தது. நான் உள்ளே தலை வாரிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் சில மாதம் அந்தக் கேள்வி எனக்குக் காபி மாதிரி இருந்தது, அது கேட்காமல் நாள் தொடங்காது. அப்புறம் கசந்தது. போன மாதம் ஒரு காலையில் படியில் தடுக்கி முழங்காலில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே அதே கேள்வியைக் கேட்டார். இறால்காரி அழுதுவிட்டாள்.

அன்று ஆபீசுக்குப் போகவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, முதல் ஜோடியில் பெண்ணை இறக்கினேன். அம்மாவுக்காக அவர் முதன்முதலில் வாங்கியது. அவர் கையில் வைத்தேன்.

"நைனா, பொண்ணு."

முதலில் மாலையைத் தடவினார். பாவாடை மடிப்பைத் தடவினார். பிறகு கட்டை விரல் இடது கன்னத்துக்குப் போனது. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. வலது கன்னத்திலும் தேடினார், திரும்பவும் இடதுக்கு வந்தார். அந்த முகம் அணைந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது நம்ம வூட்டுது இல்லம்மா" என்றார். "அச்சு அதான். எனக்காக ஆன்லைன்ல தேடி வாங்குனியா?"

"இல்ல நைனா, இது நம்மளுதுதான். நான் எதையும் தண்ணில போடல. எல்லாம் மேலதான் கீது. பொட்டை நான்தான் பிளேடு வெச்சி சுரண்டுனேன். எல்லாத்துலயும்."

அவர் சிரித்தார். என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னை அப்படித் தட்டிக் கொடுத்ததில்லை.

"கோவத்துல தண்ணில போட்டுடுவே, அது மன்சன் செய்யறதுதான். உக்காந்து ஒண்ணொண்ணா சுரண்ட மாட்டே. எம் பொண்ணு அவ்ளோ கல் நெஞ்சுக்காரி இல்ல."

மாப்பிள்ளையை இறக்கினேன். மரப் பல்லியை இறக்கினேன். எதிலும் பொட்டு இல்லை. "போதும், எதுக்கு இவ்ளோ வாங்கினே" என்று தடுத்துவிட்டார். லாஃப்டைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை இறால்காரி வந்தாள். நைனா பெண் பொம்மையை எடுத்துப் போய் அவளிடம் காட்டினார். "எம் பொண்ணு வாங்கியாந்துச்சி. எங்களுது மாதிரியே கீது, இல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார், எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீ வூட்டுக்காரராண்ட சொல்லி வெய்யிம்மா. கன்னத்துல பொட்டு இருக்கும்."