பஞ்சு பட்டது தெரியுதா?

மூன்று வாரத்துக்கு முன்பு, நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், வாய் பேசாமல் இருந்ததற்காக ஒரு டாக்டர் என்னைப் பாராட்டினார். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை!

தொழுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க, என்னைப் போல எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கும் இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள். பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஒரு பஞ்சுத் திரி. வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு பட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். வெளுத்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால்... சந்தேகம்தான்.

அன்று வந்தவள் வீரம்மாள். மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிப்பவள். முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெளுப்பு.

"ஒரு தேமலைப் பாக்கவா ஜீப்புல இம்புட்டுப் பேரு வந்திருக்கீக?" என்று சிரித்தாள்.

என்னோடு பயிற்சிக்கு வரும் ரோஸ்மேரி முதலில் பார்த்தாள். கலகலப்பான பெண். வெளுப்பில் பஞ்சை வைத்து, "தெரியுதா ஆத்தா?" என்றாள்.

"தெரியுது."

"இப்ப?"

"நல்லாத் தெரியுது தாயி."

ரோஸ்மேரி நோட்டில் 'தேமல்' என்று எழுதியே விட்டாள். "நீங்களும் ஒரு தரம் பாருங்க" என்றார் டாக்டர் என்னிடம்.

எனக்குப் புது ஆளிடம் பேச நா எழாது. பேசாமல் தொட்டேன். நல்ல தோலில் பட்டதும் அவள் விரல் டக்கென்று அங்கே வந்தது. வெளுப்பில் தொட்டேன்... விரல் அசையவில்லை. இன்னொரு தடவை... ஊஹூம்.

கண்ணை மூடியபடியே வீரம்மாள் கேட்டாள்: "ஏன்த்தா, தொடாம என்ன பண்ற? வெரசாப் பாரு, பூ வாடிப் போகும்."

பஞ்சு அப்போது அவள் தோல் மேல்தான் இருந்தது!

டாக்டர் முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தலையசைத்தார். தொழுநோய்தான்.

ரோஸ்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பின்னே ஏன் தெரியுதுன்னு சொன்னீக?"

"நீ அம்புட்டுப் பிரியமாக் கேக்குற. தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

நாம் எல்லோரும் அப்படித்தானே? "சாப்டாச்சா?" என்று யாராவது கேட்டால், பட்டினி கிடப்பவர்கூட "ஆச்சு" என்றுதானே சொல்கிறார்?

"கேட்காதீங்க. கேள்வியே பதிலைச் சொல்லிக் கொடுத்துடும். இவங்களை மாதிரி பேசாம தொடுங்க" என்றார் டாக்டர். நான் தரையைப் பார்த்தேன்.

வீரம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "விரலு போயிருமாய்யா? பூப் பறிக்க விடுவாகளா?"

"ஆரம்பந்தான்மா. மாத்திரையை விடாம சாப்பிட்டா விரலுக்கு ஒண்ணும் வராது. நாளைக்கே தோட்டத்துக்குப் போ."

தேமல் என்று அனுப்பியிருந்தால்...? விரல் மரத்துப்போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

இந்த வாரம் மறுபடி போனோம். வீரம்மாள் தெளிந்த முகத்தோடு தோட்டத்திலிருந்து நேராக வந்தாள்.

"மாத்திரை தினமும் சாப்பிடுறியா?" நானே வாயைத் திறந்து கேட்டேன்.

"சாப்பிடாம இருப்பேனா?" என்றாள் பிரியமாக.

சந்தோஷம். ஆனாலும் பொட்டலத்தை வாங்கி எண்ணிப் பார்த்துக்கொண்டேன் — சரியாகத்தான் இருந்தது!