தலைசுற்றலும் என் பங்குத் தேநீரும்

எங்கள் வீட்டிலிருந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு இறங்கும் படிகள் நூற்றுப் பன்னிரண்டு. அறுபத்தொன்றாம் படியில்தான் எனக்கு முதல் முறை தலை சுற்றியது. கீழே தெரிந்த தகரக் கூரைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது எண்ணுவதற்குள் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் சொல்லவில்லை. மூன்றாம் முறை விழுந்து முழங்கை சிராய்ந்ததால் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"இனிமே தனியா கீழ எறங்கக் கூடாது," என்றாள்.

தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் லயம் லயமாகப் போய், கேட்பவர்களுக்கு விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. அதையும் நிறுத்தினால் பகலெல்லாம் ஜன்னலருகே உட்கார்ந்து பஸ்களை எண்ண வேண்டியதுதான். நாளுக்குப் பதினான்கு பஸ். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பஸ் மாறி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் இளம் பெண். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார், காதுக்குள் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை தேநீர் என்று கேட்டார். மூன்று என்றேன்.

"அது எங்க வீட்டு அடுப்புல போட்டது மட்டும் டொக்டர்," என்றாள் மனைவி. "கீழ போனா வீட்டுக்கு வீடு குடிப்பாரு."

எழும்பி நிற்கும்போது பிரஷர் கொஞ்சம் இறங்குகிறது, மெதுவாக எழும்புங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார் டொக்டர். தேநீர் கூடினால் சிலருக்குத் தலைசுற்றல் கூடும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டுக்கு வாருங்கள் என்றார்.

அன்றிரவு முந்தைய வாரம் போன வீடுகளை நினைவில் வரிசைப்படுத்திக் கணக்குப் பார்த்தேன். நாளுக்குப் பதினொன்று வந்தது. வீட்டில் மூன்று, வெளியே எட்டு. படிகளை எண்ணினேன், பஸ்களை எண்ணினேன், இந்த எட்டை மட்டும் எண்ணவேயில்லை. வீட்டுத் தேநீருக்கு நான் காத்திருக்க வேண்டும். வெளியே அது தானாகவே கைக்கு வந்தது.

பதினொன்றை இரண்டாக்க ஒன்பது குறைய வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் இருபத்தேழு நாள். அதுவரை படி இறங்க மனைவி விடமாட்டாள். அதனால் மறுநாளே முழுதாக நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் நாள் கண்களுக்குப் பின்னால் வலி பிடித்தது. மூன்றாம் நாள் தரை படகு மாதிரி ஆடியது. ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். வலக் காலில் ஏழு எண்ணும்வரை, இடக் காலில் நான்கு. பக்கவாதத்தின் ஆரம்பமோ என்று பயம் வந்தது. நான்காம் நாள் ஞாயிறு. மனைவி கோயில் பூசைக்குப் போனதும், ஒன்றும் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள இறங்கினேன். நாற்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் படித்த பெண்ணொருத்தி மேலே வந்துகொண்டிருந்தாள். "என்னா சார், இங்க குந்தியிருக்கீங்க? அம்மா வெரட்டி விட்டுட்டாங்களா?"

தலைவலி என்றேன். தேநீர் குடித்து நான்கு நாளாகிறது என்றேன்.

"ஐயோ சார். வெரதத்துல மொத நாளே எனக்கு மண்ட வெடிச்சிரும். நீங்க நாலு நாளா? எந்திரிங்க."

கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு டம்ளர் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் வலி தளர்ந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. குடித்தாலும் சுற்றுகிறது, குடிக்காவிட்டாலும் சுற்றுகிறது. அடுத்த முறை டொக்டரிடம் முறையிட்டபோது, இரண்டும் நடக்கும், அதனால்தான் மெதுவாகக் குறைக்கச் சொன்னேன் என்றார்.

அந்த ஞாயிறு நான் வீடு திரும்புமுன் செய்தி மனைவிக்கு எட்டியிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. "போறதுன்னா ரெண்டு பேரும் போவோம்," என்றாள்.

அப்படியே போகிறோம். இரண்டு பேர் போனால் இரண்டு டம்ளர் வருகிறது. வந்தவருக்கு ஊற்றியதை எங்கள் பக்கத்தில் யாரும் அடுப்படிக்குத் திருப்பி எடுத்துப் போவதில்லை. நான் பாதி குடிக்கிறேன். மீதியையும் தன்னுடையதையும் அவள் குடிக்கிறாள். பதின்மூன்று நாளில் நான் ஏழுக்கு வந்திருக்கிறேன். ஐந்து நாளாகத் தலை சுற்றவில்லை. காரணம் தேநீரா, மெதுவாக எழும்புவதா, முழங்கையில் இருக்கும் அவள் கையா, பிரித்துப் பார்க்க வழியில்லை.

போன வியாழக்கிழமை மூன்றாம் வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"தல சுத்துதா?" என்றேன்.

"எனக்கா? நெஞ்சுதான் படபடன்னு அடிக்குது. ஒங்க பங்கையும் சேத்துல்ல குடிக்கிறேன்."

"நாளைக்கு நீ வீட்ல இரு."

"நான் இருந்தா நீங்களும் இருக்கணும்."

அந்த வீட்டில் டம்ளர்களை எடுக்கும்போதே வேண்டாம் என்றேன். வீட்டுக்காரியின் முகம் வாடியது. "போன வாட்டி சீனி பத்தலயா சார்?"

பிரஷர், காது, பதினொன்று, ஏழு, மனைவியின் நெஞ்சு, எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "சரி சார், அப்ப கொத்தமல்லி அவிக்கிறேன். ஒன்னும் குடிக்காம எப்படி அனுப்புறது?" என்று உள்ளே போனாள்.

படிவத்தை நிரப்பி முடித்தேன். கொத்தமல்லி இன்னும் கொதிக்கவில்லை. வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஏற வேண்டிய படிகள் ஈரமாகிவிடுமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து, அடுப்படியை நோக்கி, "அவசரமில்ல, நல்லா கொதிக்கட்டும்," என்றாள்.