கண்மாய்க் கரையில் செல்லையாவின் சிங்கப்பூர் ரீல்

செல்லையா போய்விட்டார்.

இன்று காலை அவர் மகன் போனில், "அப்பா போயிட்டாவ பெரியப்பா" என்றான். நான் உடனே கேட்டது, "எந்தக் கண்மாயில?"

"கண்மாயா...? வீட்ல, கட்டில்லதான் பெரியப்பா. தூக்கத்துலயே."

பையன் குழம்பிப்போனான். அவன் தந்தையின் முடிவு தண்ணீரில்தான் என்று இத்தனை ஆண்டுகளாக உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டிருந்தவன் நான் என்பது அவனுக்குத் தெரியாது.

அறியாத நண்பர்களுக்குச் சொல்கிறேன். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் ஆபீஸ், அவர் பேக்கிங் சூப்பர்வைசர். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்த பழக்கம்.

நான் மீனைத் தொடாதவன்; ஓய்ந்த நேரமெல்லாம் பாராயணப் புத்தகத்தோடு இருப்பவன். அவருக்கோ ஞாயிறு என்றால் தூண்டில். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, தக்கை... அவ்வளவுதான் சாமான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு தீபாவளி போனஸ் முழுவதையும் கொடுத்து, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் கம்பும் நரம்பு சுற்றிய ரீலுமாகத் தூண்டில் வாங்கிவிட்டார். தெருவே வந்து பார்த்தது.

அவர் மனைவி பேச்சியம்மாள் என்னிடம் முறையிட்டார். "இம்புட்டுக் காசுக்கு மீன்காரியவே வீட்டோட வச்சிருக்கலாம்ண்ணே."

சிரித்துவிட்டு, உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவியளுக்கு நீச்சல் தெரியாது. நீங்க பக்கத்துல உக்காந்து பாராயணம் பண்ணுங்க... ஒண்ணும் ஆவாது."

எனக்கும் நீச்சல் தெரியாது. அதை அந்தத் தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கண்மாய்க் கரையில் நானும் உண்டு. அவர் நரம்பை வீசுவார். நான் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் அவர் காலடியில்.

"இந்தக் கெண்டைக்கா அந்தப் போனஸ்?" என்று சீண்டுவேன்.

"ஒரு தடவ வீசிப் பாருங்க அண்ணாச்சி, பொறவு பேசுங்க" என்பார்.

ஒரு ஞாயிறு. ஐப்பசி மழைக்காலம். செண்பகத்தோப்பு மலைப் பக்கமிருந்து வெள்ளம் வந்து கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த மடைவாயில் தண்ணீர் சுழித்து உள்ளே இறங்கும் ஓசை கரையெங்கும் கேட்டது.

விலையுயர்ந்த பொருள் நழுவிவிடக் கூடாதென்று, கம்பின் பிடியைத் தம் வலது மணிக்கட்டோடு சேர்த்துப் பேண்டேஜ் துணியால் சுற்றி முடிந்திருந்தார்.

"என்னய்யா, கை முறிஞ்சு போச்சா?"

"நம்ம கம்பெனிச் சரக்கு அண்ணாச்சி. எம்புட்டு இழுத்தாலும் பிய்யாது."

பெருமையாகத்தான் சொன்னார்.

சற்று நேரத்தில் தூண்டில் முள், வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு பெரிய கருவேலங்கிளையில் மாட்டிக்கொண்டது. மடை கிளையை இழுத்தது. கிளை நரம்பை இழுத்தது. நரம்பு செல்லையாவை இழுத்தது.

நம்மூர் நரம்பாயிருந்தால் அப்போதே அறுந்திருக்கும்.

சேற்றில் கால் வழுக்கியது. முழங்கால்... இடுப்பு... இடக்கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த பேண்டேஜ் இன்னும் இறுகிக்கொண்டது.

நான் அவர் இடுப்பு பெல்ட்டைப் பற்றிக்கொண்டு, குதிகாலைக் கரையில் ஊன்றிக்கொண்டு கிடந்தேன். யானையின் காலை முதலை கவ்விய கதையை எத்தனை மார்கழிகளில் கோயிலில் சொல்லியிருக்கிறேன். அந்த யானைக்காவது கூப்பிடத் தெரிந்தது... எனக்கு ஒரு நாமமும் நாவில் எழவில்லை.

எழுந்தது இதுதான். "கம்பியத் தூக்குய்யா!"

ரீலின்மேல் வளைவாக ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் நரம்பு தன்போக்கில் ஓடிவிடும்.

"அம்புட்டு நரம்பும் போயிரும் அண்ணாச்சி!"

"நீயே போயிருவியேய்யா கிறுக்கா! தூக்கு!"

அவர் ரீலைப் பார்த்தார். ஒரு கணம். எதைத் தேர்ந்துகொள்வார் என்று அந்த ஒரு கணத்தில் எனக்கு மெய்யாகவே தெரியவில்லை.

தூக்கினார்.

நரம்பு விர்ரென்று உருவிக்கொண்டு ஓடி, கடைசி முடிச்சும் கழன்று, கிளையோடு மடைக்குள் மறைந்தது. நாங்கள் இருவரும் கரைமேல் சேறாய்க் கிடந்தோம்.

பல் தந்தியடிப்பது நிற்கும் முன்பே, "பாத்தீங்களா... மூங்கில் கம்புன்னா இப்பிடி விட முடியுமா? காசுக்கேத்த சாமான் அண்ணாச்சி" என்றார்.

"மூங்கில் கம்புன்னா நீ கையில கட்டியே இருக்க மாட்டியேய்யா."

அந்த வழக்கு நாங்கள் ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் நடந்தது. தீர்ப்பு இல்லை.

அடுத்த ஞாயிறே புது நரம்போடு வந்து நின்றார். பேண்டேஜ் இல்லை. ஆனால் நான் அதன்பின் கரையில் பாராயணப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை... அவர் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு பிள்ளை வீட்டோடு சென்னை வந்துவிட்டேன். கரையில் பக்கத்தில் யாருமில்லையே என்ற நினைப்பு உடன் வந்தது. ஞாயிறு மாலை போன் அடித்தால் எடுக்கவே தயங்குவேன்.

நாளைக் காலை எடுக்கிறார்கள். என் முழங்கால் இனி அவ்வளவு தூரம் வராது.

ஊரில் விடாமல் மழையாம். கண்மாய் நிறைந்து மடையைத் திறந்திருக்கிறார்களாம். மயானத்துக்குப் பாதையோ அந்தக் கரைமேல்தான்...

தோள் கொடுக்கப்போகும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கரை வழுக்கும் அப்பா, பார்த்துக் கால் வையுங்கள். மடை தாண்டும்வரை பாடையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போய் வா, செல்லையா.