காலை ஜெபத்தில் நான் கண்ட முதுகு

1932-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு என் மனைவி எங்கள் மகள் எஸ்தருக்குச் சட்டை தைத்தாள். பூதப்பாண்டியில் அவள் தையலைக் குறை சொன்னவர் இல்லை. அந்தச் சட்டை மட்டும் ஒரு தோளில் ஏறி, மறு தோளில் இறங்கி நின்றது. மூன்று முறை பிரித்துத் தைத்தாள்.

"ஏட்டி, அசையாம நில்லு. ரெண்டு தோளும் ஒப்பா வரமாட்டேங்குல்லா!"

"நான் நேராத்தான் நிக்கேன், அம்மா."

எஸ்தருக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரே இடுப்பில் குடம் சுமப்பதால் வந்த கோணல் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சோம்பல் என்றேன் நான். மிஷன் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான் எழுத்திலும் கோணலைப் பொறாதவன். நாள்தோறும் அரைமணி நேரம் அவளைச் சுவரோடு முதுகு ஒட்ட நிறுத்தினேன். அழுதாள். தோளோ மேலும் தாழ்ந்தது. "கர்த்தாவே, இவளை நிமிர்த்தும்" என்று காலைதோறும் மன்றாடினேன். பதில் வரவில்லை. உள்ளம் சோர்ந்தது.

காலை ஜெபத்தில் நாங்கள் முழங்காலிட்டு, நெற்றி பாயில் படக் குனிவோம். கண்ணைத் திறக்கலாகாது என்பது நான் வகுத்த ஒழுங்கு. ஆனி மாதத்தில் ஒரு நாள், ஜெபத்தின் நடுவே எனக்குச் சொல் எழவில்லை. கண்ணைத் திறந்துவிட்டேன். எனக்கு முன்னே எஸ்தர் குனிந்திருந்தாள். அவள் முதுகின் வலப்புறம் மேடாக எழுந்திருந்தது; இடப்புறம் தாழ்ந்திருந்தது. சோம்பலால் விலா எலும்பு எழும்புமா? ஜெபத்தை முடிக்காமலே வண்டி பூட்டச் சொன்னேன்.

மிஷன் மருத்துவர் அவளிடம் முதலில் சொன்னது, "குனி மக்கா" என்பதே. நான் கண்டதையே அவரும் கண்டார்.

"சொவருல நிறுத்தினா இது நேராவாது, வாத்தியாரே. குடம் எடுத்ததுனாலயும் வரல்ல. பிள்ளை மேல குத்தமே இல்ல. வளருத வயசுல முதுகெலும்பு வளைஞ்சு, முறுக்கிக்கிட்டும் போவுது. ஏன்னு எங்களுக்கே தெரியாது."

"நேராகுமா?"

"முழுசா நேராவும்னு சொல்ல மாட்டேன். வளர்த்தி நிக்கது வரைக்கும் வளைவு கூடாமப் பாக்கணும். கூடினா மூச்சு முட்டும்."

மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டார். மூச்சுப் பயிற்சியும் கற்பித்தார். வெயிலில் கட்டுக்குள் உடல் புழுங்கியது. அப்போதும் அவள் சிரித்தாள்: "அப்பா, இனி சொவரு வேண்டாம். நானே சொவரு தானே!" எழுந்து வெளியே போய்விட்டேன். அன்று முதல் நான் கேட்டது வேறு: "நிமிர்த்தும்" என்பதன்று, "கூடாமல் காத்தருளும்" என்பது.

கட்டு மாற்றும்போதெல்லாம் மருத்துவர் அவள் முதுகில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, வளைவைத் தாளில் வரைந்து வைப்பார். 1935-இல் அடுத்தடுத்து இருமுறை கோடு மாறவில்லை. "வளைவு நின்னுட்டு" என்று கட்டைக் கழற்றினார். என் மனைவி அங்கேயே முழங்காலிட்டாள்.

அவ்வாண்டுச் சட்டைக்கு இரு தோளையும் தனித்தனியே அளந்து வெட்டினாள். அது சுருக்கமின்றி அமர்ந்தது. எஸ்தரின் ஒரு தோள் இன்றும் சற்றே தாழ்ந்ததுதான்; பாடகர் குழுவில் நெடுமூச்சு பிடித்துப் பாடுகிறவளும் அவள்தான்.

அன்பானவர்களே, பிள்ளைகளுக்காகக் கர்த்தரை நம்பி மன்றாடுங்கள். ஆனால் அவர்கள் குனியும்போது ஒருமுறை கண்ணைத் திறந்து பாருங்கள். எனக்கான பதில் அங்கேதான் நெடுநாள் காத்திருந்தது.