ஒரகடத்தில் மீன் முட்டைக்கு ஊசி போடுகிறோம்

எங்கள் தொழிலில் ஷிப்ட் நேரத்தைத் தீர்மானிப்பது எச்.ஆர். இல்லை, மீன். விடியற்காலையில் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வேலைக்குப் போகிற உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும். உங்கள் லைனாவது பிரேக்டவுன் ஆகிக் கொஞ்சம் நிற்கும். முட்டை நிற்கவே நிற்காது.

மீன் கம்பெனி

மருந்துகளைச் சோதித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. பின்பக்கம் மீன் அறை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடு போட்ட ஜீப்ரா மீன்கள் அங்கே தொட்டி தொட்டியாக நீந்தும். முட்டை ஒரே செல்லாக இருக்கும்போதே அதற்குள் ஊசி போட்டு, ஏதாவதொரு ஜீனை வேலை செய்யவிடாமல் அடைத்துவிட்டு, குஞ்சுக்கு என்ன குறைகிறது என்று பார்ப்பது என் வேலை. முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். மறுநாளே இதயம் துடிக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதையெல்லாம் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட் பெண்ணிடம் பெருமையாக விளக்கிக்கொண்டு வந்தேன். முன்னாலிருந்து டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாமா நீ, மீனுக்கு ஊசி போட்றன்ற... அப்புறம் அத்த எவன் துன்னுவான்?”

சூப்பர்வைசர் இல்லாத லைன்

என் கணவர் இன்பராஜ் கார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, “அந்த முட்டைக்கு எது தலை, எது வாலுன்னு யாரு சொல்றாங்க?” என்று கேட்டார். கேட்டுவிட்டால் விடுவேனா?

முதல் சில மணி நேரம், அம்மா மீன் முட்டைக்குள் வைத்தனுப்பிய உத்தரவுகளை வைத்தே வண்டி ஓடும். பிறகு கருவின் சொந்த ஜீன்கள் விழித்துப் பொறுப்பேற்கும். ஒன்று இன்னொன்றை எழுப்பும், அது மூன்றாவதை நிறுத்தி வைக்கும். இப்படியே இங்கே தலை, இங்கே முதுகு, கடைசியில் வால் என்று ஆகிவிடும். வாலுக்கு வேண்டிய ஒரு ஜீனை அடைத்தால் வால் வளராமலே நின்றுவிடும். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“சூப்பர்வைசரே இல்லாம ஒரு லைன் ஓடுதா? எங்க பிளான்ட்ல வந்து சொல்லிடாத, நாளைக்கே பாதி பேரு வூட்டுக்குப் போவணும்!”

செல்வி அக்காவின் இரக்கம்

ஒரு மருந்து கம்பெனியிலிருந்து கஸ்டமர் வருவதாக இருந்தது. நிறத்துக்கான ஜீனை அடைத்து, கறுப்பே இல்லாத குஞ்சுகளை அவருக்குக் காட்ட வேண்டும். ஆர்டர் கிடைத்தால் மீன் அறை இருக்கும். இல்லையென்றால் அதைக் காலி செய்து பக்கத்து கம்பெனிக்கு குடோனாக விட்டுவிடப் போவதாக எங்கள் மேனேஜர் மேடம் சொல்லிவிட்டார். சாதாரணக் குஞ்சுக்குக் கறுப்பு ஏற இரண்டு நாள் ஆகும். அதனால் ஊசி போட ஒரே ஒரு காலைதான் கையில் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் தொட்டிக்கு ஒரு ஆணும் பெண்ணுமாக விட்டு, நடுவே தடுப்பு வைத்துவிட்டுப் போனேன். காலையில் விளக்கு தானாக எரியும். நான் வந்து தடுப்பை எடுத்தால் முட்டை போடும், உடனே ஊசி. இதுதான் வழக்கம். மறுநாள் போனால் தடுப்புகளையே காணோம்! விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டை போட்டு முடித்திருந்தன. முட்டைகளெல்லாம் நான்கு செல், எட்டு செல் என்று பிரிந்துவிட்டன. இனி போட்டாலும் ஊசி எல்லா செல்லுக்கும் போகாது. மேல் அடுக்கில் கை எட்டாத ஒரு தொட்டி மட்டும் தப்பித்திருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தடுப்புகளை எடுத்தவர், பென்னலூரிலிருந்து ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வரும் செல்வி அக்கா. கேட்டால் அவருக்குத்தான் கோபம்.

“புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம்... அவருக்கு நைட் ஷிப்ட்டு, எனுக்கு டே ஷிப்ட்டுன்னு எங்க வூடு மாதிரியே கீதேன்னு மன்சு கேக்கலம்மா!”

பாதி வெள்ளை

தப்பித்த தொட்டியின் முட்டைகளுக்கு ஒழுங்காக ஊசி போட்டேன். வீணாக்குவானேன் என்று, பிரிந்துபோன முட்டைகளிலும் முட்டைக்கொரு செல்லில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கஸ்டமர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் நிறமில்லாத குஞ்சுகளைப் பார்த்தார். “வெளுத்த மீனு அக்வேரியம் கடையிலயே கிடைக்குது மேடம். இது நீங்க பண்ணதுன்னு எப்படி நம்புறது?” என்றார். மேடம் என்னைப் பார்த்தார்.

சட்டென்று, வீணானதென்று ஒதுக்கிய தட்டை எடுத்து லென்சுக்கடியில் வைத்தேன். அதிலிருந்த குஞ்சுக்கு உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக நிறம். கண்ணில்கூடப் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. ஊசி போட்ட செல்லிலிருந்து வந்தது வெளுத்திருந்தது, போடாததிலிருந்து வந்தது கறுத்திருந்தது. “ஒரே அம்மா, ஒரே தண்ணி, ஒரே குஞ்சு சார். நான் அடைச்ச ஜீன் மட்டும்தான் வித்தியாசம்” என்றேன். அவர் லென்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“முழு வெள்ளைய நீங்களே வெச்சுக்குங்க. இந்தப் பாதி வெள்ளை போதும், ஆர்டர் உங்களுக்குத்தான்.”

அறை பிழைத்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் செல்வி அக்காவிடம் சொன்னேன். அவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி கேட்டார்:

“அப்போ அந்த தடுப்ப தெனிக்கும் எட்த்துடட்டுமா?”

காரும் போனும் செய்கிறவர்கள் நிறைந்த இந்த ஒரகடம் சாலையில், தன்னைத்தானே செய்துகொள்ளும் ஒரு முட்டையிலிருந்து ஒரேயொரு ஆணியைக் கழற்றிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆட்கள் நாங்கள் மட்டும்தான்.